பின்னேரம் வரக்கூடும்

வில்லரே, மொன்றியல்
19.05.2024

அன்புத் தங்கச்சி சிவமலருக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி தாட்சாயினி, மகன் வசீகரன் வீட்டார் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் இருக்கிறது. உன் பிரஷர் எப்படி?

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, பல நாள் ஆலோசனைக்குப் பிறகு, சமையலறை மேசையில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இம்முறை நாங்கள் இரண்டாம் விருப்பத்தை வெறுமையாக விடுகிறோம். தாட்சாயினி சாட்சி. அவள் அப்போது முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை, ஆனாலும் கேட்டாள்.

ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் நடுவுக்கும் ஒக்டோபர் நடுவுக்கும் இடையில் என்று அறிவித்திருக்கிறார்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கொள்கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பேருக்கு விருப்பம் போடலாம் என்பது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எத்தனை தேர்தலில் மேசைக்குப் பின்னால் இருந்து வாக்காளரின் விரலில் மை பூசியவள் நீ. முதல் எண்ணிக்கையில் ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால்தான் இரண்டாவதைப் பார்ப்பார்கள். எண்பத்திரண்டில் தொடங்கி ஒருமுறையாவது பார்த்தார்களா? நாற்பத்திரண்டு வருஷமாக ஒருவரும் வாசிக்காத இலக்கத்தை எழுதிக்கொண்டு ஏன் வெயிலில் நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைக் கதைக்காதே. வாக்கு இரகசியமானது. போனில் முழங்காலும் மழையும் போதும்.

என் வாக்காளர் அட்டை வந்தால் வழமைபோல எனக்கு அனுப்பிவிடு. வீட்டில் கிடந்தால் யாராவது எடுத்துக் கள்ளவோட்டுப் போட்டுவிடுவார்கள். பழைய அட்டைகள் கிடக்கும் டேனிஷ் பிஸ்கற் ரின்னில் இன்னும் இடம் இருக்கிறது. பதிவுப் படிவத்தில் என் பெயரையும் மறவாமல் எழுது. எண்பத்தாறில் வெளிக்கிட்டபோது அம்மா கேட்டது அது ஒன்றுதான்: "எங்க போனாலும் இந்த வீட்டுப் பேரை வெட்டிப்போடாதை."

மருந்தை ஒழுங்காக எடு.

அண்ணன்
பேரின்பநாதன்

———

கோண்டாவில்
09.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். பிரஷர் நூற்று நாற்பதில் நிற்கிறது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசுவதாகச் சொன்னீர்கள். பூசுகிறீர்களா அல்லது சொன்னதோடு சரியா?

இரண்டாம் விருப்பம் பற்றிய முடிவைக் குறித்துக்கொண்டேன். ஓம் அண்ணை.

படிவம் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் புதிய கிராம சேவகர். நாங்கள் இன்னமும் விதானையார் என்றுதான் சொல்லுகிறோம். பெயர் டினோஜன், என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். பின்னம் வராது. இப்போது மூன்று கிராமத்துக்கு அதிகாரி. விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி பழைய வாக்காளர் இடாப்பைப் பார்த்தார்.

"ரீச்சர், இந்த வீட்டில பேரின்பநாதன் எண்டு இன்னொராள் இருக்கிறார். ஆளைக் காணேல்லை."

"வெளியில போட்டார்."

"எப்ப வருவார்?"

"பின்னேரம் வரக்கூடும்."

இவருக்கு முதல் இருந்த நாலு விதானைமாருக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் பேனையை மூடிவிட்டுக் கேட்டார், "எப்ப போனவர்?"

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆகவே சொன்னேன், "எண்பத்தாறில."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். படிவத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுத் தலைவி என்ற இடத்தில் கையெழுத்து வைத்துத் தரவேண்டும். யோசித்து எழுதச் சொன்னார்.

மாமரம் இந்த வருஷம் காய்க்கவில்லை.

தங்கை
சிவமலர்

———

வில்லரே
01.07.2024

அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் ஆரோக்கியமாக வந்து சேர்ந்தது. நாங்களும் அப்படியே. வேப்பெண்ணெய் பூசினேன். தாட்சாயினி என்னை ஒரு கிழமை பல்கனியில் இருக்கவைத்தாள்.

இன்று யூலை முதலாம் திகதி. இந்த நகரத்தில் ஊரே வீடு மாறுகிற நாள். எங்கள் தெருவில் மட்டும் ஏழு கட்டில் இறங்கியிருக்கிறது. வளைந்த இரும்புப் படியில் ஒரு குளிர்பெட்டி நடுவழியில் சிக்கிவிட்டது; அதை மேலே விடுவதா கீழே விடுவதா என்று நாலு பேர் பிரெஞ்சில் விவாதிக்கிறார்கள். பேத்தி ஹம்சினி எனக்கு மொழிபெயர்க்கிறாள். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கிறாள் இல்லை என்று நினைக்கிறேன்.

டினோஜன் தம்பிக்கு நீ சொன்ன பதில் சரி. நான் வரத்தான் போகிறேன். நேரம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். யுத்தம், பிறகு வேலை, பிறகு கொரோனா, பிறகு முழங்கால். ஒன்றும் என் குற்றமில்லை.

யாருக்கு முதல் விருப்பம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். டோர்வலில் விமானச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் தட்டு அடுக்கியவன் நான். கோழி பாதி, பாஸ்தா பாதி. பணிப்பெண் முன்வரிசையில் "எது வேண்டும்?" என்று சிரித்துக்கொண்டு தொடங்குவாள். இருபதாம் வரிசை தாண்டினால் ஒன்று முடிந்துவிடும். முப்பத்தைந்தாம் வரிசைக்காரனிடம் அவள் கேட்பதே இல்லை, வைத்துவிட்டுப் போவாள். எங்கள் சனம் எந்தத் தேர்தலிலும் முப்பத்தைந்தாம் வரிசை. ஆகவே இம்முறை, வெல்லமாட்டார் என்றாலும் எங்கட ஆளாக ஒருவர் நின்றால் அவருக்கே போடுவதென்று சாய்ந்திருக்கிறேன்.

தாட்சாயினி என் அரசியல் அறிவைப் பரிகாசம் பண்ணுகிறாள். அவள் சொல்கிறாள்,

[இவ்விடத்தில் இரண்டு வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளன.]

அது முக்கியமில்லை. எண்பத்திரண்டு ஞாபகம் இருக்கிறதா? உன் முதல் வோட்டு. சைக்கிள் பாரில் உன்னை இருத்தி, கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க ஆருக்குப் போடவேண்டும் என்று படிப்பித்தேன். பிறகு பட்டணத்தில் கூல்பாரில் ஐஸ்கிறீம். இரண்டு பேரும் மை பூசிய விரலை நீட்டிக்கொண்டே கரண்டி பிடித்தோம். அந்த மையின் மணம் எனக்கு இன்றைக்கும் வருகிறது. இங்கே மை பூசுவதில்லை என்று கேள்வி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

———

கோண்டாவில்
21.07.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமென்று அறிந்தது சந்தோஷம். குளிர்பெட்டி மேலே போனதா கீழே வந்ததா என்று எழுதவில்லை.

எண்பத்திரண்டு ஒக்டோபர் இருபதாம் திகதி மழை பெய்யவில்லை. வெயில். நான் சேலை உடுத்திருந்தேன், நீங்கள் மேட்டில் மிதிக்க மாட்டாமல் என்னை இறக்கி நடக்கவிட்டீர்கள். ஐஸ்கிறீம் உண்மை. நீங்கள் "நான் சொன்னமாதிரிப் போட்டனியோ?" என்று கேட்டீர்கள். நான் "ஓம் அண்ணை" என்றேன். அதுவும் உண்மை, சொன்னது.

டினோஜன் மறுபடி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ரீச்சர், அண்ணை வந்திட்டாரோ?"

"இன்னும் இல்லை."

"பின்னேரம் எண்டனீங்கள்."

"எந்தப் பின்னேரம் எண்டு நான் சொல்லேல்லை."

"ரீச்சர், நான் ஏமாத்தச் சொல்லிக் கேக்கேல்லை. ஆள் இந்த நாட்டு ஆள்தான் எண்டு நீங்கள் எழுதித் தந்தால் எனக்குப் போதும். அதுக்குக் கீழ உங்கட கையெழுத்து இருக்கும், என்ரை இல்லை."

படிவம் மேசையில் இருக்கிறது. மேலே அகராதியை வைத்திருக்கிறேன், காற்றுக்கு.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரி வெட்டியிருந்தது. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

தங்கை
சிவமலர்

———

வில்லரே
06.08.2024

அன்புத் தங்கச்சி,

எல்லோரும் சுகம். நீ எப்படி? குளிர்பெட்டியை விற்றுவிட்டார்கள்.

வெட்டிய வரி தாட்சாயினி ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன கதை. உனக்குச் சுவாரசியமாக இராது.

இப்போது முக்கியமான விஷயம். தேர்தல் செப்டெம்பர் இருபத்தொன்று. நான் வருகிறேன். டினோஜன் தம்பி ஆளைக் காணவில்லை என்கிறாரல்லவா, காணட்டும். என் அட்டையை இம்முறை அனுப்பாதே, அங்கேயே வை. என் பழைய அடையாள அட்டை இருக்கிறது. அதில் மீசை கறுப்பு, மற்றப்படி நான்தான். நீயும் நானும் அதே பள்ளிக்கூடத்துக்குப் போவோம். சைக்கிள் இல்லாவிட்டால் ஓட்டோ.

தாட்சாயினியிடம் சொன்னேன். "உங்களுக்கு விசரோ?" என்று கேட்டாள். பிறகு வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காத நேரம்தான் எனக்குப் பயம். வரும் கிழமை யோகேந்திரனின் பயண முகவர் கடைக்குப் போய் ரிக்கற் எடுக்கிறேன்.

என் அறையில் இப்போது என்ன கிடக்கிறது?

அண்ணன்

———

கோண்டாவில்
23.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் அறையில் பழைய பரீட்சைத் தாள்கள் இருந்தன. முப்பத்தெட்டு வருஷம் அந்த அறையைக் கூட்டி, யன்னலைத் திறந்து, மறுபடி பூட்டியிருக்கிறேன். தாள்களை எரித்துவிட்டேன். கட்டிலுக்குப் புதுக் கயிறு போடச் சொன்னேன். நுளம்பு வலை வாங்கினேன், நீலம். வெள்ளை இருக்கவில்லை.

முப்பத்தொன்பது பேர் நிற்கிறார்கள். சீட்டு முழத்தைவிட நீளமாம். நீங்கள் சாய்ந்தபடி எங்கட ஆள் ஒருவரும் இருக்கிறார்.

அண்ணை, ஒன்று மட்டும். சாவடியில் ஒருவரை இவர் வாக்களிக்க உரித்தில்லாதவர் என்று யாராவது எழுந்து சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அந்த மேசையில் இருந்தவள். அங்கே இருக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் நான் பயிற்றியவர்கள். உங்கள் பெயருள்ள போன வருஷப் படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.

ஆனாலும் வாருங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று எழுதுங்கள். இரவில் சோறா புட்டா என்றும்.

தங்கை
சிவமலர்

———

வில்லரே
02.09.2024

சிவமலர்,

இந்தக் கடிதம் தேர்தலுக்கு முன் உனக்குக் கிடைக்கவேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். எல்லோரும் சுகம். அதில் பொய் இல்லை.

யோகேந்திரனின் கடைக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறையும் வாசலில் நின்று சுவரிலிருந்த விமானப் படங்களைப் பார்த்துவிட்டு மெட்ரோ ஏறி வந்துவிட்டேன். மூன்றாம் முறை அவன் கண்டுவிட்டான்.

"அண்ணை, உள்ள வாங்கோ. எங்க போறியள்?"

"ஊருக்கு. வோட்டுப் போட."

"நல்லது. எந்தப் பாஸ்போட்?"

"எந்தப் பாஸ்போட் எண்டால்? ஒண்டுதானே இருக்கு."

"கனடாப் பாஸ்போட் எண்டால் விசா வேணும்."

"என்ரை வீட்டுக்கோ?"

"உங்கட வீட்டுக்கில்லை அண்ணை, அந்த நாட்டுக்கு." அவன் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தான். "விசாவில போய் வோட்டுப் போடப்போறியளோ?"

பக்கத்து மேசைப் பெண் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். யோகேந்திரன் சிரிக்கவில்லை. எழும்பி எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தான். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

சிவமலர், தொண்ணூற்று நாலாம் ஆண்டு மார்ச் மாதம் நான் இந்த நாட்டுப் பிரஜையானேன். ஒரு பெரிய மண்டபத்தில் இருநூறு பேரோடு வலது கையைத் தூக்கி மகாராணிக்கு விசுவாசம் சொன்னேன். ஒரு மணித்தியாலமும் இல்லை. அன்றைக்கு இரண்டு மணிக்கு எனக்கு வேலை. உடுப்பை மாற்றிக்கொண்டு போய்த் தட்டு அடுக்கினேன். கையைத் தூக்கிய அந்த நேரத்தில் ஊர்ப் பிரஜாவுரிமை போய்விட்டது என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். போகட்டும், ஒருநாள் அங்கே வந்து சொல்வோம் என்றிருந்தேன். அம்மா இருக்கும்வரை சொல்ல முடியவில்லை. அம்மா போனபிறகு சொல்லியும் பிரயோசனமில்லை என்று நினைத்தேன். ஒவ்வொரு முறை ஊருக்கு வர யோசித்தபோதும் நீ என் பாஸ்போட்டைக் காண்பாய் என்ற எண்ணம் வந்தது. முழங்கால் அதற்குப் பிறகு வந்த வருத்தம்.

இங்கே எட்டுத் தேர்தலில் வோட்டுப் போட்டிருக்கிறேன். நான் வெட்டிய வரி இதுதான். "இஞ்ச பள்ளிக்கூட ஜிம்மில சீட்டைக் கையில வைச்சுக்கொண்டு ஆருக்குப் போடுறதெண்டு என்னட்டைக் கேக்கிற மனுஷன், கோண்டாவிலுக்கு ஆள் தெரிவுசெய்யிறார்" என்று தாட்சாயினி சொன்னாள்.

இல்லாத வோட்டுக்காக இத்தனை வருஷம் உன்னைக் கொண்டு கையெழுத்து வைப்பித்திருக்கிறேன். என் பெயரை வெட்டிவிடு. நான் வரவில்லை. நுளம்பு வலையைத் திருப்பி எடுப்பார்களா?

அண்ணன்

———

கோண்டாவில்
25.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் பத்தொன்பதாம் திகதி வந்தது. நுளம்பு வலையைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். நான் கேட்கவுமில்லை.

தொண்ணூற்று நாலில் நீங்கள் ஒரு படம் அனுப்பினீர்கள். கோட்டுப் போட்டு நிற்கிறீர்கள், இடுப்பில் வசீகரன், அவன் கையில் சின்னக் கடதாசிக் கொடி. பின்னால் "எல்லோரும் சுகம்" என்று எழுதியிருந்தது. அம்மாவுக்குக் காட்டும்போது கொடியைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்தேன். அம்மா உங்கள் கோட்டைப் பார்த்தார். அந்த வருஷம் படிவம் வந்தது, உங்கள் பெயரை எழுதினேன். அடுத்த வருஷமும் எழுதினேன். பிறகு பழகிவிட்டது. ஆகவே என்னைக் கொண்டு நீங்கள் கையெழுத்து வைப்பிக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

வெட்டிய வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மன்னிக்கவும். அண்ணி நன்றாகச் சொல்லியிருக்கிறார்.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். ஒரு பெயர் மட்டும் உள்ள படிவத்தைக் கண்டால் விதானைமார் இரக்கப்படுவார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிப் படுக்கச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. இரண்டு பெயர் இருந்தால், அண்ணை எப்ப வருவார் என்று கேட்பார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எண்பத்திரண்டில் நீங்கள் சொன்னவருக்கு நான் போடவில்லை. அதற்குப் பிறகும் ஒருமுறையும் போடவில்லை. ஓம் என்றேன், உள்ளே போய் எனக்குச் சரியென்று பட்டவருக்குப் போட்டேன். நீங்கள் அனுப்பிய அறிவுரைக் கடிதங்கள் பதினேழும் அலமாரியில் இருக்கின்றன.

இம்முறை காலை ஏழரைக்கே போனேன். நடந்து. உங்கள் அட்டையும் கைப்பையில் இருந்தது, அதை வெளியே எடுக்கவில்லை. சீட்டைத் தந்தது என் பழைய மாணவி. எழுந்து நின்று தந்தாள், நான் இருக்கச் சொன்னேன். முப்பத்தொன்பது பெயர். அதில் ஒருவர் சென்ற மாதம் காலமாகிவிட்டார். ஆனாலும் பெயர் சீட்டில் இருந்தது. தடுப்புக்குப் பின்னால் கனநேரம் நின்றேன். எனக்கென்று ஒருவரைத் தெரிந்து வைத்திருந்தேன். அவருக்குப் போடவில்லை. நீங்கள் சொன்னவருக்கு ஒன்று போட்டேன். நீங்கள் சொன்னபடி இரண்டாம் விருப்பத்தை வெறுமையாக விட்டேன். உங்கள் வோட்டு ஒருமுறையாவது போடப்படட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ரேடியோவில் சொன்னார்கள், ஒருவரும் பாதியைத் தாண்டவில்லையாம். முதல் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் இரண்டாம் விருப்பத்தை எண்ணினார்கள். சரித்திரத்தில் முதல் தடவை. எங்கள் சீட்டு அதில் சேரவில்லை.

நேற்று டினோஜன் வந்தார். படிவத்தைக் கொடுத்தேன். வீட்டிலுள்ள வாக்காளர்: ஒன்று. மிச்சக் கோடுகளைக் குறுக்கே கீறிவிட்டேன். அவர் தேத்தண்ணி குடித்தார்.

தங்கை
சிவமலர்

———

வில்லரே
14.10.2024

அன்புத் தங்கச்சி சிவமலருக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைத் தாட்சாயினிக்கு உரத்து வாசித்தேன். பெருவிரல் இடத்தில் கொஞ்சம் நிறுத்தவேண்டி வந்தது. அவள் முருங்கைக்காயையும் கத்தியையும் வைத்துவிட்டுக் கேட்டாள்.

நாற்பத்திரண்டு வருஷம் நீ என் சொல்லைக் கேட்கவில்லை என்பதை மனவருத்தத்துடன் குறித்துக்கொண்டேன். கேட்ட ஒரு முறை நடந்ததையும் குறித்துக்கொண்டேன். இனி உனக்கு அறிவுரை எழுதுவதில்லை என்று நேற்றுப் பின்னேரம் நாலரைக்குத் தீர்மானித்தேன். சாட்சி இல்லை, தாட்சாயினி கடைக்குப் போயிருந்தாள்.

பிஸ்கற் ரின்னைத் திறந்து அட்டைகளை மேசையில் பரப்பினேன். ஹம்சினி இவை யாருடையவை என்று கேட்டாள். என்னுடையவை என்றேன். இவ்வளவு சீட்டு இருந்தும் ஏன் அப்பப்பா ஒருநாளும் போகவில்லை என்று கேட்டாள். அவள் அவற்றை விமான ரிக்கற் என்று நினைத்துவிட்டாள்.

அன்றைக்கு வெயில் என்று நீ சொல்கிறாய். நான் யோசித்துப் பார்த்தேன். மழைதான். சேலை உடுத்திருந்தது சரி. நேரில் பேசிக்கொள்வோம்.

யோகேந்திரனின் கடையில் விசா விண்ணப்பத்தை நிரப்பினோம். அவன் ஒவ்வொன்றாக வாசித்தான், நான் பதில் சொன்னேன். பிறந்த இடம்: கோண்டாவில். தங்கும் முகவரி: கோண்டாவில். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் அவர்கள் தந்திருந்த தெரிவுகளில் ஒன்றைத்தான் எடுக்கலாம். சுற்றுலா என்பதை எடுத்தோம்.

ஜனவரி ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை, விடியப்புறம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். வாடகை வான் பிடித்து வந்தால் பின்னேரம் நாலு மணிக்கு வீட்டில் நிற்பேன். புட்டு.

விசா முப்பது நாளுக்குத் தந்திருக்கிறார்கள்.

அண்ணன்
பேரின்பநாதன்